கசிவும் வடிகட்டியும்: நேசலன்ஸ் கருவிகள் ஏன் ஒத்துப்போவதில்லை?

இயல்பான பேச்சுள்ள ஒருவரை நேசோமீட்டர், நேசல்வியூ, ஓரோநேசல் ஆகிய மூன்று கருவிகளிலும் ஒரே பத்தியைப் படிக்கச் செய்தால் பேச்சில் மூக்கொலியின் பங்கைக் காட்டும் நேசலன்ஸ் எண் மூன்றிலும் வெவ்வேறாகக் கிடைக்கும். டிம் பிரெஸ்மன் 2005-இல் வெளியிட்ட ஒப்பீட்டுக்குப் பின் இது துறையின் பொது அறிவாகிவிட்டது. கருத்து வேறுபாடு இருப்பது அந்த எண்களில் அல்ல, அவற்றை எப்படி வாசிப்பது என்பதில். பரவலாக ஏற்கப்பட்ட வாசிப்பு இதை அலகுச் சிக்கலாகக் காண்கிறது. மூன்று கருவிகளும் அளப்பது ஒரே பொருளைத்தான். தயாரிப்பு வேறுபாட்டால் எண் சற்று ஏறுகிறது அல்லது இறங்குகிறது. போதுமான பேச்சாளர்களை அளந்து ஒரு மாற்றுச் சூத்திரம் கண்டுவிட்டால், செல்சியஸை ஃபாரன்ஹீட் ஆக்குவதுபோல ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றின் எண்ணாக மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

இந்த வாசிப்பு பாதி சரி. கருவிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டுக்குத் தன்மையால் வேறான இரண்டு மூலங்கள் உண்டு. ஒன்று, வாய்க்கும் மூக்குக்கும் இடையே வைக்கும் தடுப்பின் வழியே ஒலி கசிவது. மற்றது, கருவி எந்த அதிர்வெண் பகுதியை எடுத்துக்கொண்டு எதைத் தள்ளுகிறது என்பது. முதலாவதைச் சூத்திரத்தால் திருத்தலாம். அந்தச் சூத்திரம் எல்லா மொழிக்கும் பொருந்தும். இரண்டாவதைத் திருத்த முடியாது, ஏனெனில் அதன் அளவு படிக்கப்படும் பத்தியின் உயிரொலிகளைப் பொறுத்தது. ஒரு மொழியில் கண்ட மாற்றுச் சூத்திரம் இன்னொரு மொழியில் செல்லாது என்பது இதன் நேரடி விளைவு. தமிழில் நேசலன்ஸ் அளக்க முற்படுவோருக்கு இது கோட்பாட்டுக் கேள்வி மட்டுமல்ல.

வரிசை சொல்வது

பிரெஸ்மனின் ஒப்பீட்டில் மூன்று ஆங்கிலப் பாடங்கள் பயன்பட்டன: மூக்கொலி மெய் ஒன்றுகூட இல்லாத ஸூ பத்தி, மூக்கொலியும் பிறவும் கலந்த ரெயின்போ பத்தி, மூக்கொலிகள் செறிந்த நேசல் வாக்கியங்கள். முடிவுகளில் நான் இங்கே எடுத்துக்கொள்வது சராசரிகளை அல்ல, அவற்றின் வரிசையை மட்டுமே. ஸூ பத்தியில் மிகக் குறைந்த எண்ணைத் தந்தது நேசோமீட்டர். ரெயின்போ பத்தியில் மிக உயர்ந்த எண்ணைத் தந்தது நேசல்வியூ. நேசல் வாக்கியங்களில் மிகக் குறைந்த எண்ணைத் தந்தது ஓரோநேசல்.

சராசரிகளை விட்டு வரிசையைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. சராசரி எண்கள் பேச்சாளர் குழு, வட்டார வழக்கு, தலையணியைப் பொருத்திய விதம் ஆகியவற்றால் நகரும். ஒரே ஆட்கள் மூன்று கருவிகளிலும் படித்தபோது கிடைத்த வரிசை அவ்வளவு எளிதில் நகராது. இந்த மூன்று கூற்றுகளை அருகருகே வைத்து வாசிப்பதற்கு மேல் நான் பெரிதாக எதுவும் செய்யப்போவதில்லை. ஆனால் அவை சேர்ந்து சொல்வதை வழக்கமான வாசிப்பு கவனிக்கத் தவறிவிட்டது என்பது என் கருத்து.

முதலில் தெரிவது, ஸூவில் எல்லாவற்றுக்கும் கீழே நின்ற நேசோமீட்டர் நேசல் வாக்கியங்களில் ஓரோநேசலுக்கு மேலே நிற்கிறது என்பது. ஆகவே ஒரு நிலையான எண்ணைக் கூட்டியோ கழித்தோ சரிசெய்யலாம் என்ற வழி அடைபட்டுவிடுகிறது. இதை மறுப்பாளர்களும் ஒப்புவர். அவர்கள் சொல்வது, கூட்டலோடு பெருக்கலும் சேர்ந்த நேர்கோட்டுச் சூத்திரம் போதும் என்பது. அந்த நேர்கோடு எங்கிருந்து வரக்கூடும் என்பதையே இனிப் பார்க்க வேண்டும்.

கசிவு

நேசலன்ஸ் என்பது மூக்குத் தடத்தின் வீச்சை மூக்கு, வாய் இரண்டின் கூட்டு வீச்சால் வகுத்து நூறால் பெருக்கிய எண். தடுப்பு முழுமையாக இல்லாதபோது வாயொலியின் ஒரு பங்கு மூக்கு ஒலிவாங்கிக்கும், மூக்கொலியின் அதே பங்கு வாய் ஒலிவாங்கிக்கும் போய்ச் சேரும். அந்தப் பங்கை ‘க’ என்போம். உண்மையான விகிதம் ‘வி’ என்றால், கருவி காட்டுவது வி(1 − க) + க என்பதை 1 + க என்பதால் வகுத்த எண். இது ‘வி’யைப் பொறுத்தவரை ஒரு நேர்கோடு. நேர்கோடு என்பதாலேயே கணத்துக்குக் கணம் உண்மையாக இருப்பது பத்தி முழுவதன் சராசரிக்கும் அப்படியே பொருந்தும்.

எண்களை இட்டுப் பார்க்கலாம். தடுப்பு 25 டெசிபெல் பிரிப்பு தருகிறது என்று வைத்துக்கொண்டால் ‘க’ ஏறத்தாழ 0.056. அப்போது மூக்கிலிருந்து ஒலியே வராத நிலையிலும் கருவி 5.3 காட்டும், முழுவதும் மூக்கொலியாக இருந்தாலும் 94.7-க்கு மேல் போகாது. பிரிப்பு 15 டெசிபெல்லாகக் குறைந்தால் அடித்தளம் 15.1 ஆக உயரும், உச்சி 84.9 ஆக இறங்கும். சரியாக 50-இல் உள்ள எண் மட்டும் எந்தக் கசிவிலும் நகராது. கசிவு என்பது 50-ஐ அச்சாகக் கொண்டு இரு பக்கத்தையும் உள்நோக்கி நெருக்கும் செயல். இரு தடங்களும் கட்டம் மாறிச் சேரும்போது நேர்கோடு சற்று வளையும். ஆனால் சமச்சீர் காரணமாக 50 என்ற அச்சு அப்போதும் நகராது.

இப்போது வரிசைக்குத் திரும்புவோம். நேசோமீட்டரின் ஆங்கில இயல்பெண்கள் ஸூ பத்திக்கு ஏறத்தாழ 16, ரெயின்போவுக்கு 36, நேசல் வாக்கியங்களுக்கு 61. முதல் இரண்டும் 50-க்குக் கீழே, மூன்றாவது மேலே. கருவிகளுக்கிடையே உள்ள வேறுபாடு கசிவு மட்டுமே என்றால், அதிகம் கசியும் கருவி ஸூவிலும் ரெயின்போவிலும் மிக உயர்ந்த எண்ணையும், நேசல் வாக்கியங்களில் மிகத் தாழ்ந்த எண்ணையும் தந்தாக வேண்டும். மூன்று இடங்களிலும் அது ஒரே கருவியாக இருக்க வேண்டும்.

அப்படி இல்லை. ரெயின்போவில் உச்சியில் நிற்பது நேசல்வியூ. நேசல் வாக்கியங்களில் அடியில் நிற்பது ஓரோநேசல். நேசல்வியூவே அதிகம் கசிகிறது என்றால் நேசல் வாக்கியங்களிலும் அதுதான் கீழே போயிருக்க வேண்டும். ஓரோநேசல்தான் அதிகம் கசிகிறது என்றால் ரெயின்போவில் அதுதான் மேலே வந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. கசிவு மட்டுமே காரணம் என்ற விளக்கம், 50-க்கு எந்தப் பக்கம் என்பதற்கு மேல் எந்த எண்ணையும் கணக்கில் எடுக்காமலே, வரிசையால் மட்டும் விழுந்துவிடுகிறது.

இதில் நான் எவ்வளவு தூரம் வாதிடுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓரோநேசலின் நடத்தை கசிவோடு நன்றாகவே பொருந்துகிறது. ஸூவில் நேசோமீட்டரைவிட மேலே, நேசல் வாக்கியங்களில் அதைவிடக் கீழே என்று அதன் வீச்செல்லை இரு பக்கமும் சுருங்கியிருக்கிறது. தட்டையான தடுப்புத் தகட்டுக்குப் பதில் முகத்தை மூடும் அமைப்பு, மூக்கறையும் வாயறையும் சுவரைப் பகிர்ந்துகொள்ளும் நிலை ஆகியவற்றைக் கருதினால் இது எதிர்பார்க்கத்தக்கதே. நேசல்வியூதான் இந்தக் கணக்குக்கு அடங்காதது.

அதற்கு இன்னொரு எளிய விளக்கம் தரலாம்: இரு ஒலிவாங்கிகளின் உணர்திறன் சமமாக இல்லை என்பது. மூக்கு ஒலிவாங்கி சற்றுக் கூர்மையாக இருந்தால் எல்லா எண்களும் மேலே நகரும். கசிவு, உணர்திறன் ஆகிய இரண்டையும் சேர்த்து வளைத்தால் மூன்று வரிசைகளையும் ஒருவாறு பொருத்திவிட முடியும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரு ஒலிவாங்கிகளிலிருந்தும் சம தூரத்தில் ஒலிபெருக்கியை வைத்து எண்ணை 50-க்குக் கொண்டுவரும் அளவுத்திருத்தம் இருப்பதே அந்த ஏற்றத்தாழ்வைப் போக்கத்தான். அதைச் செய்த பின்னும் எஞ்சும் வேறுபாட்டுக்கு உணர்திறனையே காரணம் காட்டுவது, செய்து முடித்த திருத்தத்தை நம்ப மறுப்பதாகும். மேலும் கசிவுக்கும் உணர்திறனுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. பேசப்படுவது எந்த உயிர் என்பது இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரு பொருட்டில்லை. வடிகட்டிக்கோ அது பெரும் பொருட்டு.

வடிகட்டி

நேசோமீட்டர் தன் இரு தடங்களையும் 500 ஹெர்ட்ஸை நடுவாகக் கொண்டு 300 ஹெர்ட்ஸ் அகலமுள்ள வடிகட்டியில் செலுத்திய பிறகே விகிதம் காண்கிறது. அதாவது 350 முதல் 650 வரையுள்ள ஆற்றலுக்கு மட்டுமே அங்கு முழு மதிப்பு. நேசல்வியூவில் அந்தத் தடை இல்லை. ஒலிவாங்கிக்கு வருவது முழுக்கவும் கணக்கில் சேரும். ஒப்பீட்டு ஆய்வுகள் இந்த வேறுபாட்டைக் குறிப்பிடாமல் இல்லை. ஆனால் கருவி விவரணையின் ஒரு வரியாக அதைச் சொல்லிவிட்டு, முடிவுரையில் மீண்டும் ‘கருவி வேறுபாடு’ என்ற பொதுச் சொல்லுக்குள் அடைத்துவிடுகின்றன. அந்த ஒரு வரிக்குள்தான் சிக்கலின் பெரும்பகுதி இருக்கிறது.

பீட்டர்சனும் பார்னியும் 1952-இல் வெளியிட்ட அமெரிக்க ஆங்கில அளவுகளை எடுத்துக்கொள்வோம். ஆண் குரலில் ‘ஈ’ போன்ற உயிரின் முதல் ஃபார்மண்ட் (முதல் ஒத்ததிர்வுச் சிகரம்) 270 ஹெர்ட்ஸ், பெண் குரலில் 310. ‘ஆ’ போன்ற உயிருக்கு முறையே 730, 850. ஆக, நாவு மிக உயர்ந்து நிற்கும் உயிரின் முதல் ஃபார்மண்டும் மிகத் தாழ்ந்து கிடக்கும் உயிரின் முதல் ஃபார்மண்டும் நேசோமீட்டரின் சாளரத்துக்கு வெளியே விழுகின்றன. முன்னது கீழே, பின்னது மேலே. சாளரத்துக்குள் நிற்பவை ‘எ’, ‘ஒ’ போன்ற இடைநிலை உயிர்கள். வடிகட்டி கத்தி வைத்தாற்போல வெட்டுவதில்லை, அதன் சரிவில் அக்கம்பக்கத்து ஆற்றலும் ஓரளவு நுழையும் என்பது உண்மை. ஆனாலும் ‘ஈ’யையும் ‘ஆ’வையும் இக்கருவி அவற்றின் சிகரத்தில் அளப்பதில்லை, சரிவில்தான் அளக்கிறது.

அகன்ற பட்டையில் அளந்தால் என்ன நடக்கும்? மூக்கறை உயர் அதிர்வெண்களை மிகவும் தணித்துவிடுவதால் மூக்குத் தடத்துக்கு வந்து சேர்வது பெரும்பாலும் கீழ்ப்பகுதி ஆற்றல். ‘ஆ’ ஒலிக்கும்போது வாய்த் தடத்தில் 700 ஹெர்ட்ஸுக்கு மேலே பேராற்றல் சேர்கிறது. அதற்கு ஈடாக மூக்குத் தடத்தில் எதுவும் இல்லை. எனவே விகிதம் குறையும். ‘ஈ’ ஒலிக்கும்போது இரு தடங்களின் ஆற்றலும் 300 ஹெர்ட்ஸை ஒட்டிக் குவிகிறது. வாய்க்குழி குறுகியிருப்பதால் அண்ணத்தின் அதிர்வு வழியாகவே மூக்குக்குப் போகும் பங்கும் அதிகம். அந்தப் பங்கு முழுவதையும் அகன்ற பட்டைக் கருவி எண்ணுகிறது; குறுகிய பட்டைக் கருவி அதன் பெரும்பகுதியைத் தள்ளிவிடுகிறது. ஆகவே ஸூ பத்தியில் நேசோமீட்டர் அடியில் நிற்பதற்குக் கசிவு குறைவு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அண்ண அதிர்வின் ஆற்றல் குவியும் பகுதியை அது பாராமல் விடுவது இன்னொரு காரணம், அநேகமாகப் பெரிய காரணம்.

அண்ணப் பிளவில்லாதவர்களின் நேசலன்ஸ் ஏன் பூச்சியமாவதில்லை என்று கேட்டு 2001-இல் கில்டர்ஸ்லீவ்-நியூமனும் டால்ஸ்டனும் எழுதிய கட்டுரை அண்ணத்தின் வழியே ஒலி கடப்பதை முக்கியக் காரணமாக முன்வைத்தது. அதை நான் ஏற்கிறேன். ஆனால் அந்தக் கடப்பின் அளவு எந்தப் பட்டையில் அளக்கிறோம் என்பதைச் சார்ந்தது என்றால், ‘இயல்பான அடித்தளம்’ என்று நாம் அழைக்கும் எண்ணே கருவியின் தேர்வாகிவிடுகிறது. அது உடலின் இயல்பு மட்டுமல்ல.

இன்னொரு விளைவு மருத்துவமனையில் கூடுதல் கவனம் பெற வேண்டியது. குரலின் ஆற்றல் அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் மட்டுமே நிற்கிறது. 120 ஹெர்ட்ஸ் அடிப்படையுள்ள ஆண் குரலுக்கு 360, 480, 600 என மூன்று மடங்குகள் சாளரத்துக்குள் வருகின்றன. 210 ஹெர்ட்ஸ் பெண் குரலுக்கு 420, 630 என இரண்டு. 300 ஹெர்ட்ஸில் பேசும் குழந்தைக்கு 600 என்ற ஒன்றே ஒன்று. அதே குழந்தை சற்று உற்சாகமாகி 330-க்கு ஏறினால் 330, 660 இரண்டுமே சாளரத்தின் இரு ஓரங்களுக்கு வெளியே போய்விடுகின்றன. அண்ணப் பிளவுக்காக அளக்கப்படுவோரில் பெரும்பாலோர் குழந்தைகள். அவர்களிடம் கிடைக்கும் எண் ஒரே ஓர் ஒலிக்கூற்றின் மீது நிற்கிறது என்பதும், சுருதி ஏறி இறங்கினால் அந்தக் கூறும் மாறுகிறது என்பதும் கருவிகளை ஒப்பிடும்போது பேசப்பட வேண்டியவை. பெரியவர்களை வைத்துக் கண்ட மாற்றுச் சூத்திரம் குழந்தைகளிடம் ஏன் தடுமாறும் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தென்படவில்லை.

மெல்லினம் நீக்கிய தமிழ்

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும் ஒலியியல். தமிழுக்கு வரும்போது அது கூர்மையடைகிறது. மிகை மூக்கொலியைக் கண்டறிய மூக்கொலி மெய் இல்லாத பத்தி வேண்டும். ஆங்கிலத்தில் ம, ன, ங ஆகிய மூன்றைத் தவிர்த்தால் போதும். எஞ்சிய மொழி பெரிதாகச் சிதைவதில்லை. தமிழில் மெல்லினம் ஆறையும் நீக்கினால் இலக்கணத்தின் ஒரு பகுதியே உதிர்ந்துவிடுகிறது.

‘நான்’, ‘நாம்’, ‘நீ’ மூன்றும் போகும். ‘-ஏன்’, ‘-ஓம்’, ‘-ஆன்’ என்ற வினைமுற்று விகுதிகள் போகும். ‘அவள்’, ‘அவர்’, ‘அது’ போன்றவையே எஞ்சும். ‘வந்தாள்’, ‘நடந்தாள்’ வரமுடியாது. ‘படித்தாள்’, ‘கேட்டாள்’ வரலாம். ‘-உம்’ போவதால் இரு பெயர்களை அடுக்கிச் சொல்லவோ ‘பறக்கும்’ என்று எதிர்காலத்தில் முடிக்கவோ வழியில்லை. ‘பழம்’ எழுவாயாக வரமுடியாது. ‘பழத்தை’ என்று செயப்படுபொருளாக வரலாம். ‘வீட்டிலிருந்து’ போகும், ‘வீட்டில்’, ‘வீட்டுக்கு’ நிற்கும். பத்துவரை எண்ணச் சொன்னால் ஆறு, ஏழு, எட்டு, பத்து மட்டுமே தேறும். ஆகவே தமிழில் மெல்லினமற்ற பத்தி, ஆங்கிலப் பத்தியின் சாயலில் எழுதக்கூடியது அல்ல. அது ஒரு பெண்ணையோ மதிப்புக்குரிய ஒருவரையோ விலங்கையோ பற்றிய, இறந்தகாலத்தில் வல்லின வினைகளை மட்டுமே ஏற்கும், மிகவும் ஒடுங்கிய உரைநடையாகவே இருக்க முடியும்.

இது எழுத்தாளரின் சங்கடம் என்று கடந்துபோகலாம். ஆனால் இந்த ஒடுக்கம் உயிரொலிகளின் பங்கீட்டை மாற்றிவிடுகிறது. மெல்லின ஈறுகள் நீங்கியதும் சொற்கள் உயிரிலோ ய், ர், ல், ழ், ள் ஆகிய மெய்களிலோதான் முடிய முடியும். உயிரீறுகளில் மிகப் பரவலானது குற்றியலுகரம்: பத்து, எட்டு, வீட்டுக்கு, கேட்டது. இது நாவு உயர்ந்த உயிர். இதன் முதல் ஃபார்மண்ட் சாளரத்தின் கீழோரத்தை ஒட்டி நிற்கும். இரண்டாம் வேற்றுமை ‘ஐ’யோ சொல்லின் ஈற்றில் எகரத்தை நோக்கிக் குறுகி ஒலிக்கிறது, அது சாளரத்தின் நடுவில் வந்து விழும். ஆக, பத்தி எழுதுபவர் குற்றியலுகர ஈறுகளை மிகுவிக்கிறாரா, ஐகார ஈறுகளை மிகுவிக்கிறாரா என்பதைப் பொறுத்து இரு கருவிகளுக்கும் இடையிலான இடைவெளி அகலும் அல்லது குறுகும். பேசுபவரின் மெல்லண்ணம் இதில் எந்தப் பங்கும் வகிக்கவில்லை.

மெய்களிலும் இதே கதை. தமிழில் முழு அடைப்புள்ள குரலொலி வல்லினம் பெரும்பாலும் மெல்லினத்தை அடுத்தே வருகிறது: தங்கம், பஞ்சு, வண்டி, பந்து, கம்பு. மெல்லினத்தை நீக்கினால் அவையும் கூடவே போகும். எஞ்சுவன குரலில்லாத இரட்டைகளும் உயிர்களுக்கிடையே நெகிழ்ந்த ஒற்றைகளும். முழு அடைப்பின்போது வாய் மூடியிருக்கக் குரல் தொடர்வதால் எழும் தாழ் அதிர்வு, அடிப்படை அதிர்வெண்ணை ஒட்டியே நிற்கும். அது அண்ணத்தின் வழியே மூக்குத் தடத்தில் பதிவதை அகன்ற பட்டைக் கருவி எண்ணும், நேசோமீட்டர் எண்ணாது. ஆங்கிலப் பத்தியில் ப, ட, க ஆகியவற்றின் குரலொலி வடிவங்கள் தாராளமாக வருவதால் அங்கே இது கருவிகளுக்கிடையே ஓர் இடைவெளியை உண்டாக்கும். தமிழ்ப் பத்தியில் அந்த இடைவெளி மிகக் குறைய வேண்டும். ஆங்கிலத்தில் கண்ட மாற்றுச் சூத்திரத்தைத் தமிழில் இட்டால், இல்லாத வேறுபாட்டையும் அது திருத்த முனையும்.

மிகை மூக்கொலிக்கு 26 என்றும் 28 என்றும் 32 என்றும் வெட்டெண்கள் ஆங்கில ஆய்வுகளிலிருந்து புழக்கத்துக்கு வந்துள்ளன. இவை நேசோமீட்டரில், ஆங்கிலப் பத்தியைக் கொண்டு கண்டவை. தமிழ் பேசும் குழந்தைக்கு இவற்றில் எதையேனும் அப்படியே வைப்பது தவறு என்பதைப் பலரும் ஒப்புவர். இன்னொரு கருவியில் அளந்து, சூத்திரத்தால் நேசோமீட்டர் எண்ணாக மாற்றி, அதன்பின் இவற்றோடு ஒப்பிடுவது இரட்டைத் தவறு. முதல் தவறு கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது சூத்திரத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

சில எதிர்வாதங்கள்

கருவிகளுக்கிடையே ஒட்டுறவுக் கெழு உயர்ந்திருந்தால் போதாதா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. போதாது. இரு கருவிகள் ஆட்களை ஒரே வரிசையில் நிறுத்தலாம். வெட்டெண்ணின் எந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்பதில் அவை உடன்படாமலும் போகலாம். சிகிச்சை முடிவு எடுப்பது வரிசையை வைத்தல்ல.

ஒரே நிறுவனத்தின் கருவியை மட்டும் பயன்படுத்தினால் சிக்கலே இல்லை என்பது இன்னொரு வாதம். நேசோமீட்டரிலேயே 6200 என்ற மாதிரி 6400-க்கு வழிவிட்டபோது இரண்டையும் ஒப்பிடும் ஆய்வுகள் தேவைப்பட்டன என்பதே இதற்குப் பதில். விலை குறைந்த மாற்றுக் கருவிகளை நாடும் இடங்களில் இந்த வாதம் தொடக்கத்திலேயே பயனற்றது. கடைசித் தீர்ப்பு பயிற்சி பெற்ற காதினுடையதுதான் என்போரிடம் எனக்கு வழக்கில்லை. ஆனால் அவர்களுக்கு மாற்றுச் சூத்திரமும் தேவைப்படாது.

கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. ஒரே கருவியில், ஒரே ஆளிடம், தலையணியைக் கழற்றி மறுபடி மாட்டி அளந்தாலே எண் சில புள்ளிகள் நகர்கிறது. அப்படியிருக்க, வடிகட்டியால் வரும் வேறுபாடு அந்த இரைச்சலில் கரைந்துவிடாதா? தனியாளின் ஒற்றை அளவில் கரையலாம். ஆனால் தலையணியால் வருவது இரு பக்கமும் சிதறும். பல முறை அளந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வடிகட்டியால் வருவது ஒரே பக்கம் சாயும். எத்தனை முறை அளந்தாலும் அப்படியே நிற்கும். இயல்பெண்களும் வெட்டெண்களும் பலரின் சராசரியிலிருந்து எழுபவை. சராசரியில் தங்குவது இரண்டாவதே.

ஒரு சோதனை

இந்த வாதத்தைச் சோதிக்க மூன்று கருவிகளும் தேவையில்லை, ஒன்று போதும். இரு ஒலிவாங்கிகளின் தடங்களையும் வடிகட்டாமல் தனித்தனியே சேமிக்க வேண்டும். பிறகு ஒரே பதிவை இரு முறை கணக்கிட வேண்டும்: ஒரு முறை 350 முதல் 650 வரை, இன்னொரு முறை முழுப் பட்டையில். தகடு அதே, ஒலிவாங்கி அதே, பொருத்திய விதம் அதே, பேசிய மூச்சும் அதே. மாறுவது வடிகட்டி மட்டும். கசிவைத் தனியே அறியவும் வழி உண்டு. தகட்டின் வாய்ப்பக்கம் மட்டும் ஒலிபெருக்கியை வைத்து இரைச்சலை ஒலிக்கச் செய்தால் உண்மையான விகிதம் பூச்சியம். அப்போது கருவி காட்டும் எண்ணிலிருந்து ‘க’ நேரடியாகக் கிடைத்துவிடும். இதைக் கருவியோடு சேர்த்து வெளியிடுவது பெரிய வேலையல்ல.

பேச்சுப் பாடங்கள் நான்கு இருக்கட்டும்: இகர உகரங்கள் மிகுந்தது, அகர ஆகாரங்கள் மிகுந்தது, எகர ஒகரங்கள் மிகுந்தது, மூன்றும் கலந்தது, நான்கிலும் மெல்லினம் கூடாது. என் எதிர்பார்ப்பு இது: முதல் பாடத்தில் முழுப் பட்டை எண் குறும்பட்டை எண்ணைவிடத் தெளிவாக உயரும், இரண்டாவதில் வேறுபாடு சுருங்கும் அல்லது திசை திரும்பும், மூன்றாவதில் இரண்டும் மிக நெருங்கி வரும். பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம், அதிலும் ஒரே குழந்தையின் தாழ்ந்த சுருதிக்கும் உயர்ந்த சுருதிக்கும் இடையே, குறும்பட்டை எண் அதிகம் ஆடும்.

முடிவுகள் வரும்வரை மூன்று நடைமுறைகளையாவது கைக்கொள்ளலாம். நேசலன்ஸ் எண்ணைக் கருவியின் பெயரோடு மட்டும் வெளியிடாமல் பட்டையின் எல்லைகளோடு வெளியிடுவது. தமிழ்ப் பத்தியின் இயல்பெண்ணைத் தரும்போது அதிலுள்ள உயிர்களின் பங்கீட்டையும் தருவது. வேறு கருவியின் எண்ணைச் சூத்திரத்தால் பெயர்த்து வெட்டெண்ணோடு ஒப்பிடுவதை நிறுத்துவது.

நான்கு பாடங்களிலும் இரு கணக்கீடுகளுக்கிடையே உள்ள உறவு ஒரே நேர்கோடாக வந்தால், வடிகட்டி பற்றி இங்கே சொன்னது விழுந்துவிடும். மாற்றுச் சூத்திரத்தின் பக்கம் நிற்பவர்களே சரி என்றாகும். பாடத்துக்குப் பாடம் கோடு மாறினால், ஒரே மொழிக்குள்ளேயே செல்லாத சூத்திரத்தை மொழிவிட்டு மொழி கொண்டுபோக இடமில்லை என்பது முடிவாகிவிடும். இதற்கு வேண்டியது இரு தடப் பதிவும் ஓர் எளிய கணிப்பொறி நிரலும்தான். இவ்வளவு எளிய சோதனையைச் செய்யாமல் கருவிகளை ஒன்றுக்கொன்று பெயர்த்துக்கொண்டிருப்பதற்கு நியாயம் இல்லை.